படுகளம் இல்லாத கோடை

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில் கோடை என்றால் பாரதம். பங்குனியில் தொடங்கி ஆடி முடியும்வரை ஏதாவது ஓர் ஊரில் திரௌபதி அம்மன் கோயிலுக்குக் கொடி ஏறியபடியே இருக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் விடிய விடியக் கூத்து, இடையில் ஒருநாள் அர்ச்சுனன் தபசு, கடைசி நாள் காலை படுகளம், அன்று மாலையே தீமிதி. மதுராந்தகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதனால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. குழாய் ஒலிபெருக்கியை எப்படியும் நம் வீட்டு எதிர்க் கம்பத்தில்தான் கட்டுவார்கள். அதில் துரியோதனன் கொக்கரிக்கும்போது இங்கே முக்கோணவியல் மண்டையில் ஏறாது.

2020இல் அந்தச் சத்தம் இல்லை. மார்ச் 24 மாலை 144 தடை, மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. பத்தாம் வகுப்புப் பரீட்சையே கடைசியில் ரத்தானது. 2021இல் நாள் குறிக்கப் போகிற நேரத்தில் இரண்டாம் அலை வந்து, ஏப்ரல் 26 முதல் கோயில் கதவுகளை மறுபடியும் சாத்தினார்கள். ஆக, இரண்டு கோடை பாரதம் இல்லாமல் கழிந்தது.

நான் அப்போது முதுகலை வரலாறு மாணவி. சென்னை விடுதியைக் காலி செய்யச் சொன்னதும், பதினைந்து நாளில் திரும்பிவிடலாம் என்று இரண்டு செட் துணியோடு ஊருக்கு வந்தவர்களில் ஒருத்தி. ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் ஓர் அசைன்மென்ட் வந்தது. உங்கள் ஊர்த் திருவிழா ஒன்றை எழுதுங்கள். இணையத்தைப் பார்க்கக் கூடாது, வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்டு எழுத வேண்டும். பிறந்ததிலிருந்து பார்க்கிற விழா, ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம் என்றுதான் வகுப்பில் எல்லோரும் பேசிக்கொண்டோம். எழுத உட்கார்ந்தால், எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்பதும், தபசு மரத்திலிருந்து அர்ச்சுனன் வீசும் எலுமிச்சம்பழத்தை எப்படிப் பிடிப்பது என்பதும்தான். தபசுக்கு மரம் யார் தருவது? பகாசுரனுக்குச் சோறு ஏற்றிப் போகும் வண்டி எந்தத் தெருவில் முதலில் நிற்கும்? படுகளத்து உருவத்துக்கு மண் யார் நிலத்தில் வெட்டுவது? இதெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தரவேண்டிய விஷயமாகவே யாருக்கும் பட்டதில்லை. வருஷா வருஷம் கூட்டத்தோடு நின்றால் தானாக வந்துவிடும் என்பது ஊரின் பாடத்திட்டம். கூட்டமே கூடாது என்றதும் அந்தப் பள்ளிக்கூடமும் மூடியது. அதற்கு மட்டும் ஆன்லைன் வகுப்பு இல்லை.

ஆகவே எனக்கு ஆயாதான் கதி.

ஊரடங்கை ஆயா புரிந்துகொண்ட வேகத்தை வீட்டில் வேறு யாரிடமும் நான் பார்க்கவில்லை. டி.வி.யில் நாள் முழுக்க விளக்கினார்களே, அதெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழைய கட்டு. "இப்ப கவர்மெண்ட்டு காப்புக் கட்டிகீது. அவ்ளோதானே" என்றார்.

அடுத்து அம்மைக்கு வந்தார். வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் பால்காரரிலிருந்து சொந்தக்காரர்வரை படி ஏறமாட்டார்கள். அந்த வீட்டில் தாளிப்பு கிடையாது, பயணம் கிடையாது, இன்னொரு வீட்டு விசேஷத்துக்குப் போவது கிடையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை வேப்பிலைப் படுக்கை, இளநீர், மோர். டாக்டர்கள் சொன்ன தனிமைப்படுத்தலுக்கு இதில் ஒன்றும் குறைவில்லை. ஆனால் ஒன்று கூடுதலாக இருந்தது. அம்மை கண்ட பிள்ளையை யாரும் அதட்டமாட்டார்கள். ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்பதால், மூன்று வயதுக் குழந்தையிடம்கூட "இன்னா வோணும் தாயி" என்று கைகட்டிக் கேட்பார்களாம். நோய் வந்த வீட்டை ஊர் ஒதுக்கியது உண்மைதான், கும்பிட்டுக்கொண்டே ஒதுக்கியது.

2020இல் வாசலில் ஒட்டிய நோட்டீசும் தெருமுனையில் அடித்த தகரமும் வேப்பிலையின் வேலையைத்தான் செய்தன. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் குணமாகி வெளியே வந்த பிறகும் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. கடைக்காரர் சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைத்ததை வருஷக் கணக்கில் சொல்லி மாய்ந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அந்த ஏப்ரலில் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். நரம்பியல் அறுவை மருத்துவர். அவர் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்து விரட்டியது. உடன் வேலை பார்த்த இன்னொரு டாக்டர், ராத்திரியில் ஆஸ்பத்திரி ஊழியர் ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டு, தானே மண் தள்ளி மூடவேண்டி வந்தது. சைமன் குடும்பம் விரும்பிய கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு உடலை மாற்ற உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. கல்லெறிந்தவர்கள் வீட்டிலும் எப்போதோ வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள். அந்தப் பணிவு எங்கே போயிற்று என்பதுதான் அந்தக் கோடை முழுக்க என் கேள்வியாக இருந்தது. இலை நினைவிருக்கிறது, மஞ்சள் தண்ணீர் நினைவிருக்கிறது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பது மறந்துவிட்டது.

இதைச் சொல்வதால், பழையதெல்லாம் விஞ்ஞானம் என்று அப்போது வாட்ஸாப்பில் ஓடிய பாட்டுக்கு நான் தாளம் போடுவதாக நினைக்க வேண்டாம். தெருத் தெருவாக வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். கொரோனா அதைப் பொருட்படுத்தவில்லை. பெரியம்மையை ஒழித்ததும் வேப்பிலை இல்லை, தடுப்பூசி. கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையத்தின் முதல் வேலையே அம்மைப்பால் தயாரிப்பதுதான். 1975இல் இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயாவின் மேல்கையில் அந்த வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது. குத்த வந்தபோது வைக்கோல் போரில் ஒளிந்துகொண்டதை அவர் ரசித்துச் சொல்வார். குத்தியும் கொண்டார், ஆடி தவறாமல் மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றினார். 2021இல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோவிஷீல்டு போட்டுக்கொண்டு வரும் வழியில், சாத்திய கதவுக்கு எதிரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் நம்பலாம் என்பது எங்களைப் போலப் படித்தவர்கள் போட்டுக்கொண்ட கணக்கு. (தடுப்பூசிக்கு நாடே வரிசையில் நின்ற அந்த மாதங்களில், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் மத்திய அரசின் எச்.எல்.எல். நிறுவனம் கட்டிய பெரிய தடுப்பூசி வளாகம் ஒரு குப்பி உற்பத்தி செய்யாமல் கிடந்தது. அதை எந்த அம்மனிடம் முறையிடுவது என்று ஆயாவுக்கும் தெரியவில்லை.)

கோயம்புத்தூரில் இருகூரில் ஒரு மடத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்த செய்தி 2021 மே மாதம் வந்தபோது எங்கள் வகுப்புக் குழுவில் சிரித்துத் தீர்த்தார்கள். அதே கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பது பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. எலி விழுந்து மனிதர் விழுந்த காலத்தின் அச்சத்தை அந்த ஊர்க்காரர்கள் ஓரிடத்தில் உட்கார வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்துவிட்டால் அதனோடு பேசலாம், சண்டை போடலாம், "போதும், போய்வா" என்று சொல்லலாம். நோட்டீசிடம் அப்படிச் சொல்ல முடியாது.

மதுராந்தகம் டவுனில் பெரிய கோயில் என்றால் ஏரி காத்த ராமர். 2020 ஏப்ரல் 2 ராமநவமி. தெருவில் ஈ காக்கை இல்லை. உள்ளே அர்ச்சகர்கள் மட்டும் பூஜையை முடித்தார்கள். சாமிக்கு வேளைக்கு ஆனது, நமக்குத்தான் ஆகவில்லை. மே 4இல் மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தை நேரலையில் காட்டியபோது, எங்கள் வீட்டுப் பெண்கள் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். நேரலை அரை நிமிஷம் தாமதமாகத்தான் வரும், அப்படியானால் முகூர்த்தம் தவறிவிட்டதா என்று தம்பி கேட்டான். முதுகில் ஒன்று விழுந்தது. நல்ல கேள்விதான்.

இதற்கு முந்தின வருஷம்தான் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்திருந்தார். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், ஒரு கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு சொன்னார்கள். எங்கள் ஊரே வேன் பிடித்துப் போய் மிதிபட்டு வந்தது. 1979க்குப் பிறகு 2019, அடுத்து 2059. அந்த நாற்பது வருஷக் கணக்கு ஒரே ஒரு வருஷம் தள்ளி விழுந்திருந்தால்? யோசிக்க யோசிக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மதுராந்தகம் கோயிலுக்கு இன்னொரு பெருமை உண்டு. திருவரங்கத்திலிருந்து ராமானுஜரைத் தேடி வந்த பெரிய நம்பியும், அவரைத் தேடிக் காஞ்சியிலிருந்து புறப்பட்ட ராமானுஜரும் இந்த ஊரில்தான் எதிர்ப்பட்டார்கள் என்பது வைணவ மரபு. காஞ்சிக்கே போய் வரதன் முன்னால் தீட்சை செய்துகொள்ளலாமே என்று குரு சொன்னாராம். நாளை யார் கண்டது, இங்கேயே ஆகட்டும் என்று சீடர் காத்திருக்க மறுத்தாராம். மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் நடந்தது. அதில் முதலாவது, சங்கும் சக்கரமும் காய்ச்சித் தோளில் ஒற்றுவது. சின்ன வயதில் மகிழம்பூ பொறுக்கிய காலத்தில் இந்தக் கதை எனக்கு வெறும் தலபுராணம். சிக்னலுக்காக மொட்டை மாடியில் நின்று, மைக்கை அணைத்துவிட்டு, பேராசிரியரின் உறைந்துபோன முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அதன் அவசரம் உறைத்தது. சில படிப்புக்கு இரண்டு உடம்பும் ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். பாடம் தோளில் சுடவேண்டும்.

அதே மதுராந்தகம் கோயிலில் தாயார் சன்னதியில் லயனல் பிளேஸ் துரையின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. 1790களில் கும்பினியின் ஜாகீர் கலெக்டர். மழை கொட்டிய இரவில் ஏரிக்கரை உடையாமல் வில்லேந்திய இருவர் காவல் நின்றதை அவர் கண்டார், வேண்டிக்கொண்டபடி சன்னதியைக் கட்டித் தந்தார் என்ற கதை ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். எனக்குச் சுவையாக இருப்பது கதைக்கு வெளியே உள்ள பிளேஸ். ஹைதர் அலியின் படையெடுப்பில் குடிகள் சிதறி, ஏரிகள் தூர்ந்து கிடந்த ஜாகீரில், அவர் மடை, கரையைச் செப்பனிட்டதோடு கோயில் உற்சவங்கள் நடக்கவும் முனைந்து நின்றார். உற்சவம் நடந்தால் குடிகள் திரும்புவார்கள், குடிகள் இருந்தால் உழவு, உழவு இருந்தால் வரி. பக்தியும் கொஞ்சம் இருந்திருக்கலாம். கணக்கு நிச்சயம் இருந்தது. இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து அரசாங்கம் அதே திருவிழாக்களை உத்தரவு போட்டு நிறுத்தியது. பிளேசுக்குத் தேவைப்பட்டதும் கூட்டம், நம் காலத்துக் கலெக்டர்கள் பயந்ததும் கூட்டம்.

2020 ஜூலை 1இல் ஓர் உத்தரவு வந்தது. ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறைவாக உள்ள கிராமப்புறக் கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்களை மட்டும் திறக்கலாம். ஏழையாக இருந்ததற்காக எங்கள் மாரியம்மனுக்குக் கிடைத்த ஒரே சலுகை இது. பணக்காரச் சாமிகள் செப்டம்பர் 1வரை காத்திருந்தார்கள். ஆனால் ஆடிக் கூழ் ஊற்றக் கூட்டம் கூடாது என்றார்கள். எங்கள் ஊரில் கூழ் வீட்டுக்கு வீடு காய்ச்சினாலும், எல்லாவற்றையும் கோயில் அண்டாவில் ஒன்றாகக் கொட்டிக் கலந்துதான் ஊற்றுவார்கள். கெட்டியாகக் காய்ச்சியவர், நீராகக் காய்ச்சியவர், உப்புப் போட மறந்தவர், எல்லாம் ஒரே அண்டா. யார் வீட்டுக் கூழைக் குடிக்கிறோம் என்று குடிப்பவருக்குத் தெரியாது. அந்த ஆடியில் அவரவர் கூழை அவரவர் திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம். வெங்காயம், மோர் மிளகாய், கருவாட்டுக் குழம்பு எல்லாம் இருந்தது. "இது கஞ்சி. கூழு இல்ல" என்று ஆயா பாதியில் வைத்துவிட்டார்.

ரம்ஜானிலும் அப்படித்தான். ஏப்ரல் கடைசியில் நோன்பு தொடங்கியது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச வேண்டாம், அரிசியை வீட்டுக்கு வீடு கொடுத்துவிடுங்கள் என்று அரசு சொல்லிவிட்டது. டவுனில் இருக்கும் என் பள்ளித் தோழி வீட்டிலிருந்து வருஷம் தவறாமல் எனக்கு வரும் தூக்குச் சட்டி அந்த வருஷம் வரவில்லை. ஊரடங்கு ஒரு காரணம். தில்லியில் நடந்த தப்லீக் மாநாட்டைச் சொல்லி, முஸ்லிம்களால்தான் நோய் பரவியது என்று டி.வி.யில் இரவெல்லாம் நடந்த கூச்சல் இன்னொரு காரணம். "கொடுத்தனுப்பினா வாங்குவீங்களான்னு அம்மா கேக்குறாங்க" என்று அவள் போனில் கேட்டபோது எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. மறுவருஷம் பிணங்கள் வரிசையில் கிடந்தபோது, பெற்ற பிள்ளையே கிட்டே போகத் தயங்கியபோது, த.மு.மு.க. என்ற முஸ்லிம் அமைப்பின் இளைஞர்கள் கவச உடை மாட்டிக்கொண்டு இந்துப் பிணத்துக்குக் கொள்ளிவைக்கும் இடம்வரை தூக்கிப் போனார்கள். முந்தின வருஷக் கூச்சல்காரர்கள் அதைப் பற்றி அரை நிமிஷம்கூடப் பேசவில்லை.

எங்கள் ஊரில் படுகளத்து உருவம் போடுகிறவர் 2021 மே மாதம் போனார். படுகளம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினெட்டாம் போர்க் கூத்து முடிந்து விடியும்போது, கோயில் எதிரே வெட்டவெளியில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். முழுக்க மண். தென்னை மர நீளம் இருப்பான். மீசை, பல், கிரீடம், மார்பில் மாலை எல்லாம் சுண்ணாம்பும் கரியும் செங்காவியும் கொண்டு எழுதியிருக்கும். தொடையில் குங்குமம் கரைத்த தண்ணீர்ப் பானையைப் புதைத்திருப்பார்கள். வேஷக்காரர்கள் அந்த உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டையிட, வீமன் கதையால் தொடையில் அடிப்பான். ரத்தம் பீறிடும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிவாள். பிறகு ஒப்பாரி. அதுதான் எனக்கு எப்போதும் விளங்காத இடம். அத்தனை அக்கிரமம் செய்தவனுக்கு, அவன் சாவதற்காகவே பத்து நாளாகக் காத்திருந்த பெண்கள், மாரடித்து அழுவார்கள். வேஷம் கட்டியவர் பாட்டைத் தொடங்குவார்; சுற்றி நிற்பவர்கள் சொந்தச் சாவுகளை அதில் கொட்டி அழுவார்கள். கலையும்போது ஆளுக்கொரு பிடி அந்த மண்ணை எடுத்துப்போய் நெல்லுக்குள் வைப்பார்கள். எங்கள் வீட்டில் குதிர் போய்விட்டது. அரிசி டிரம்மின் அடியில், பழைய வேட்டித் துண்டில் முடிந்து கிடக்கும்.

அந்த உருவத்தை முப்பது வருஷத்துக்கு மேல் போட்டவர் செத்தபோது உடல் ஊருக்குள் வரவில்லை. மூடிய மூட்டையாக ஆஸ்பத்திரி வண்டியிலேயே சுடுகாட்டுக்குப் போயிற்று. பறை இல்லை, ஒப்பாரி இல்லை, நீர்மாலை இல்லை. அவர் வீட்டுப் பெண்கள் கதவுக்குப் பின்னால் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு இருந்தார்கள். மண்ணால் செய்த துரியோதனனுக்கு வருஷம் தவறாமல் அழுத ஊர், அவனைச் செய்தவருக்கு அழவில்லை. மரபை ஏன் கற்க வேண்டும் என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குத் தத்துவமெல்லாம் தோன்றுவதில்லை. நோயாளியிடம் எந்தக் குரலில் பேசுவது, செத்தவருக்கு எத்தனை நேரம் அழுவது, எதிரிக்கும் அழலாமா என்பதையெல்லாம் ஊர் முன்கூட்டியே பயிற்சி பார்த்து வைத்திருக்கிறது. அந்தப் பயிற்சி நின்றபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அசைன்மென்டுக்காகக் கூத்து வாத்தியார் ஒருவரிடம் போனில் பேசினேன். அந்தப் பருவத்துக்கு வாங்கியிருந்த முன்பணத்தை ஊர்க்காரர்கள் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நலவாரியத்தில் பதிந்த கலைஞர்களுக்கு நிவாரணம் வந்தது; அவர் குழுவில் பாதிப் பேர் பதியவில்லை. கர்ணன் வேஷக்காரர் நூறு நாள் வேலையில் இருந்தார். புஜக்கட்டையும் கிரீடமும் பரணில் கிடந்தன. கண்ணாடிச் சில்லு உதிர்கிறது என்று கவலைப்பட்டார். தபசு மரம் ஏறும்போது பாடும் விருத்தத்தைப் பாடிக் காட்டச் சொன்னேன். வாட்ஸாப் அழைப்பில் பாடினார். மகன் மிருதங்கம் வாசித்தான், இன்னொருவர் முகவீணை. எனக்கோ அவர் குரல் மட்டும் வந்தது. போன் மற்ற இரண்டையும் இரைச்சல் என்று எண்ணி அறுத்துவிட்டது. குரலும் நீட்டி இழுக்கிற இடத்தில் துண்டு துண்டானது. "கேட்குதாம்மா, கேட்குதாம்மா" என்று விருத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டே பாடினார்.

மாமல்லபுரம் கடற்கரையில் மாசி மகத்துக்கு வரும் இருளர்களையும் அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். பௌர்ணமிக்குக் குடும்பம் குடும்பமாக வந்து, கழி நட்டுச் சேலை கட்டிக் கூடாரம் போட்டு, விடியலில் அலையோரம் மணலில் ஏழு படி கட்டி, கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். நிச்சயமும் கல்யாணமும் அங்கேயே நடக்கும். வெயில் ஏறியதும் படிகளை அலை கொண்டுபோய்விடும். 2020 மார்ச் இரண்டாம் வாரம் அது நடந்தது. பதினைந்து நாளில் ஊரடங்கு. ஊரில் மற்றவர்கள் எந்தக் கோயில் எப்போது திறக்கும் என்று பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூட்டுவதற்கு ஒரு கதவுகூட இல்லாத இந்த வழிபாடு எனக்குப் பெரிய அறிவாகப் பட்டது. அவர்களிடம் நிலம் இல்லாததால் வந்த வழிபாடு அது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஏனென்றால் நான் இதுவரை "ஊர்" என்று எழுதியதில் காலனி இல்லை. எங்கள் கூழ் அண்டாவில் எல்லா வீட்டுக் கூழும் கலக்கும் என்றேன்; ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகளின் கூழ் அதில் வராது, அவர்களுக்கு வேறு அம்மன், வேறு அண்டா. படுகளத்துக்குப் பறை அடிக்க அங்கிருந்து வருவார்கள். அடித்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். ஆறடி தள்ளி நிற்கச் சொன்னது 2020இல் எங்களுக்குப் புதிது, அவர்களுக்கு இல்லை. இதை அசைன்மென்டில் எழுதியபோது பெரியப்பா படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு, நல்லதை மட்டும் எழுது" என்றார். 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் ஒரு திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அப்போது தொற்று எதுவும் இல்லை. தலித் மக்கள் உள்ளே வருவதை மற்றவர்கள் ஏற்கவில்லை, அவ்வளவுதான். ஒரே அம்மன், ஒரே பாரதம். கிருமிக்காகச் சாத்திய கதவு இரண்டு வருஷத்தில் திறந்துவிட்டது.

2022 கோடையில் எங்கள் ஊரில் மறுபடி கொடி ஏறியது. உருவம் போட ஆளில்லாமல், செத்தவரின் மகனும் தெருப் பையன்களும் இறங்கினார்கள். அவனுக்குச் சென்னையில் ஏ.சி. மெக்கானிக் வேலை, அப்பாவுக்கு மண் சுமந்த அனுபவம் மட்டும்தான். ராத்திரி பத்து மணிக்கு உடம்பு எழும்பிவிட்டது, பானை புதைக்கும் இடத்தில் சண்டை வந்தது. 2019இல் ஒருவன் எடுத்த வீடியோவை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அதில் வலது தொடையில் ரத்தம் வந்தது. மகன் வலப்பக்கம் குழி தோண்டத் தொடங்கினான். கோலம் போட வந்திருந்த பெண்களில் ஒருத்தி, இடது தொடைதான் என்றாள். வீடியோவில் இருக்கிறதே என்று பையன்கள் போனை நீட்டினார்கள். "சபையில எந்தத் தொடையத் தட்டி அவள உக்காரச் சொன்னான்? இடதுதானே? அப்ப அதத்தானே ஒடைக்கணும்" என்றாள் அவள். பையன்களிடம் பதில் இல்லை, போனை மட்டும் ஆட்டினார்கள். அப்புறம் தம்பிதான் கண்டுபிடித்தான். வீடியோவின் ஓரத்தில் தெரிந்த கோயில் போர்டில் எழுத்தெல்லாம் இடவலம் மாறி ஓடியது. எடுத்தவன் தன் முகத்தையும் சேர்த்து செல்ஃபி கேமராவில் எடுத்திருக்கிறான். அது இடத்தை வலமாக்கிவிட்டது. தோண்டிய குழியை மூடிவிட்டு இடப்பக்கம் தோண்டினார்கள். அதற்குள் மீசை ஒருபக்கம் காய்ந்து வெடித்துவிட்டது என்று அந்த மகன் தண்ணீர்க் குடத்தோடு ஓடினான். அவள் விடவில்லை, தலை வடக்கே இருக்கிறதே, அதுவும் தப்பு என்று அடுத்ததை ஆரம்பித்தாள்.